சந்தேகம் என்றால் வெளியே

எங்கள் ஊரில் மூளையை அளப்பது நானும் செல்சியாவும்தான். நிலத்தை அளக்க சர்வேயர் இருக்கிறார், பாலை அளக்க சொசைட்டி இருக்கிறது, ரவிக்கைக்கு அளவெடுக்கத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், மூளையை அளக்க மட்டும் ஸ்கேன் சென்டருக்குப் பின்னால் ஏசி போட்ட ஒரு புறாக்கூண்டு அறையில், ரெண்டு கம்ப்யூட்டருக்கு முன்னால், ஒருத்திக்கு ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாங்கள் ரெண்டு பேர்தான். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் இல்லை. என் மாமியாரே, "மூளைய அளக்கியாக்கும்? மொதல்ல உன்னுத அளந்து பாரு" என்று சொன்னவள்தான், அப்புறம் அவளே செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்து எங்கள் வரவேற்பு அறையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிற காலமும் வந்தது.

வேலை இதுதான். சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்து, நாற்பது வயது தாண்டிய இருநூறு பேரை எங்கள் ஊரில் பொறுக்கியெடுத்து, வயசாக ஆக ஞாபகம் எப்படிக் கரைகிறது என்று பார்க்க ஆறு மாசத்துக்கு ஒருதரம் அவர்களை மெஷினுக்குள் படுக்கவைத்துத் தலையைப் படம் பிடித்தார்கள். மெஷின் தலையை ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு அரிந்து அரிந்து கறுப்பு வெள்ளையில் கொடுக்கும். அதில், காதுக்கு உள்பக்கம் ஆழத்தில், இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, ஹிப்போகாம்பஸ் என்று டாக்டர்கள் சொல்கிற ஒரு சாம்பல் நிறச் சுருள் தெரியும். பார்வைக்குக் கடல்குதிரை மாதிரி இருப்பதால் நாங்கள் கடல்குதிரை என்றே சொல்வோம், மனுஷனுடைய ஞாபகம் அங்கேதான் குடியிருக்கிறதாம். தலையிலிருந்து வால் வரைக்கும் நாற்பது துண்டு படம் இருந்தால் நாற்பதிலும் அதன் ஓரத்தைச் சுற்றி மவுஸால் கோடு இழுக்க வேண்டும், கோட்டுக்குள் விழுந்த பரப்பையெல்லாம் கூட்டினால் கொள்ளளவு வந்துவிடும். நல்ல திடகாத்திரமான ஆளுக்கே மூவாயிரத்துச் சொச்சம் கன மில்லிமீட்டர்தான் வரும். பிறந்தது, வளர்ந்தது, கட்டினது, பெத்தது, கொள்ளி வைத்தது எல்லாம் ஒரு தேக்கரண்டிகூட நிறையாது.

கோடு போடுகிறவர்களுக்குச் சட்டம் உண்டு. யாருடைய மூளை என்று எங்களுக்குத் தெரியக்கூடாது, பெயரை மறைத்து நம்பர் மட்டும்தான் வரும், நம்பருக்கு ஆள் யார் என்கிற பட்டியல் மேனேஜர் மேஜையில் பூட்டிக் கிடக்கும். ஒரே மூளையை நான் தனியாக அளக்க வேண்டும், செல்சியா தனியாக அளக்க வேண்டும், ரெண்டுக்கும் சராசரி போய்ச் சேரும். நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ரெண்டு பேரும் ஒரே திரைக்கு முன்னால் உட்கார்ந்து மறுபடி போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்த சட்டம்: சந்தேகம் என்றால் வெளியே. கடல்குதிரையின் வால் முடிகிற இடத்தில் சாம்பலும் வெள்ளையும் கலங்கிக் கிடக்கும், எதுவரைக்கும் வால், எங்கிருந்து வேறு சதை என்று ஆண்டவனுக்கே வெளிச்சம், அந்த இடத்தில் சந்தேகம் வந்தால் கோட்டுக்கு வெளியே விட்டுவிட வேண்டும். சேர்க்கக்கூடாததைச் சேர்த்தால் சென்னையிலிருந்து சிவப்புக் குறி போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். விட்டதை ஏன் விட்டாய் என்று மட்டும் இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டது கிடையாது.

அந்த இருநூறு பேரில் என் அக்கா பூரணமும் ஒருத்தி. எனக்குக் கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். அவளுக்கும் ஒரே மகள், கனிஷ்கா, கனி என்று கூப்பிடுவோம், ஒன்பது வயசில் காய்ச்சல் என்று பெரியாஸ்பத்திரியில் சேர்த்துப் பதினோராம் நாள் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு உட்கார்ந்தவள் நாலு வருஷமாக எழுந்திருக்கவில்லை. அத்தான் லாரியில் போனால் வாரம் பத்து நாள் ஆகும், நான்தான் சோற்றைப் பிசைந்து கொண்டுபோய் வைப்பேன், அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிள்ள பட்டினியாப் போச்சுட்டி" என்பாள். பதினோரு நாளும் கனிக்கு வாயில் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதைத்தான் சொல்கிறாள். எண்பது கிலோ இருந்தவள் முப்பத்தொன்பதுக்கு வந்துவிட்டாள். இப்படியே விட்டால் அடுத்த ஆடி வரைக்கும் தாங்கமாட்டாள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது, என்ன செய்ய?

இந்தக் கவலையோடு நான் கோடு போட்டுக்கொண்டிருந்த நாளில்தான் முப்பத்தொன்றாம் நம்பர் வந்தது. வால் அவ்வளவு கலங்கி வந்தது அதுதான் முதல்தடவை. நானும் விட்டேன், செல்சியாவும் விட்டாள், கடைசி நாலு துண்டு கோட்டுக்கு வெளியே போனது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வாட்ச்மேன் பரமசிவம் வந்து, "யக்கா, டோக்கன் இல்லாம ஒருத்தர் உக்காந்துருக்காரு, கேட்டா என் நம்பர இன்னும் கூப்பிடலையேங்காரு" என்றான். போய்ப் பார்த்தால் சூசை சார். ரெஜினா டீச்சருடைய வீட்டுக்காரர். செத்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது, அவர் அடக்கத்துக்கு நானே போய் மாலை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். கல்லறைக்குப் போகும்போது போட்டிருந்த அதே சந்தன நிறச் சட்டையோடு, காலுக்கு மேல் கால் போட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். "என்ன செல்வி, சௌக்கியமா?" என்று கேட்டார். கேட்கிற மனுஷனிடம் என்ன சொல்ல, "சௌக்கியம் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பத்தரைக்கு ரிப்போர்ட் வாங்க ரெஜினா டீச்சரே வந்தார்கள். சூசை சாருக்குப் பக்கத்து நாற்காலியில் இடம் இருந்தது, வந்து உட்கார்ந்தார்கள், வேற்று ஆளுக்கு இடம் விடுகிறமாதிரி கைப்பையை மடிக்கு நகர்த்திக்கொண்டார்கள். சார் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒரு அதிகப்பிரசங்கி பொறுக்கமாட்டாமல், "டீச்சர், சார் உக்காந்துருக்காக பாருங்க, உங்க வீட்டுக்காரவுக" என்று சொல்லித் தொலைத்தான். டீச்சர் திரும்பி, வெகு மரியாதையாக, "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். சூசை சார் குலுங்கிக் குலுங்கி அழுதார், பரமசிவம்தான் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மேனேஜர் பூட்டைத் திறந்து பட்டியலைப் பார்த்தார், முந்தின நாள் நாங்கள் வாலை விட்ட முப்பத்தொன்று ரெஜினா டீச்சர்தான். செல்சியா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அந்த நாலு துண்டையும் கோட்டுக்குள் இழுத்தாள், நானும் இழுத்தேன். நாற்காலி காலியானது. அதே நேரத்தில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த டீச்சர் கூடையை நழுவவிட்டு நடுச்சந்தையில், "என்ன விட்டுட்டுப் போயிட்டீகளே" என்று புதுசாகச் செத்தவருக்கு அழுகிறமாதிரி அழுதார்களாம். ஒரு வாரத்தில் சென்னையிலிருந்து சிவப்புக் குறியோடு அந்தக் கோடு திரும்பி வந்தது, சட்டப்படி மறுபடி வெளியே விட்டோம், சூசை சார் மறுபடி அதே நாற்காலிக்கு வந்தார், ஜெபம் சொல்லி அழுதுகொண்டிருந்த டீச்சர் பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதற்கு அழுதோம் என்று தெரியாமல் அடுப்பில் பாலை வைக்கப் போனார்கள்.

அதற்குப் பிறகு யார் யாரோ வந்தார்கள். பெயர் தெரியாமல் நாங்கள் கோடு போடப் போட, வால் கலங்கின இடமெல்லாம் விட்டுப்போக, விட்டுப்போனவர்கள் ஒவ்வொருவராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள், எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு மாசம் பயந்தார்கள், ரெண்டாம் மாசம் வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாம் மாசம் கவுன்சிலர் தன் பெயரைப் பெயிண்டில் எழுதி நாலு பெஞ்சு வாங்கிப் போட்டார். வெளியாட்கள் என்று அவர்களுக்குப் பெயரும் விழுந்துவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு எந்தப் பிரிவில் கேஸ் போடுவது என்று தெரியாமல் ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போனார். உண்மையான டோக்கன்காரர்கள் நின்றுகொண்டே காத்திருந்தார்கள், முணுமுணுக்கவில்லை, எந்த வெளியாள் யார் வீட்டுடையதோ என்று ஒரு பயம் எல்லாருக்கும் இருந்தது.

வந்தவர்கள் எல்லாரும் செத்தவர்கள் என்றும் சொல்ல முடியாது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருத்தர் கோட்டிலிருந்து பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தி தாவணியோடு வந்தாள், நிஜத்தில் அவள் அம்பாசமுத்திரத்தில் பேரன் பேத்தியோடு மூட்டுவலித் தைலம் தேய்த்துக்கொண்டு உயிரோடு இருக்கிறாள். ஒரு மருமகள் தலையிலிருந்து ஒரு மாமியார் வந்து சேர்ந்தாள், வந்த நாளிலிருந்து ஏசி பத்தவில்லை, பெஞ்சு ஆடுகிறது, பரமசிவத்துக்கு மரியாதை தெரியவில்லை என்று நச்சரித்துத் தீர்த்தாள். அந்த மருமகள் கண்ணால் பார்த்தது முழுக்க அவ்வளவுதான் போல, பாவம், வந்த மாமியாருக்கு வேறு குணமே இல்லாமல் போய்விட்டது. அதுதான் எங்களுக்கு மெல்ல மெல்லப் புரிந்த விஷயம். வெளியாளுக்குத் தன்னைப் பற்றித் தெரிந்தது எல்லாம், நினைத்துக்கொண்டிருந்தவருக்குத் தெரிந்தது மட்டும்தான். சூசை சாரிடம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கே போவீர்கள் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார், டீச்சருக்குக் கடைசிவரைக்கும் தெரியாத விஷயம் அவருக்கும் தெரியவில்லை. ஆனால் தன்னைப் புதைத்த குழியில் தண்ணீர் ஊறியிருந்தது அவருக்குத் தெரியும். பெட்டியை இறக்கும்போது கயிறு வழுக்கியதும் தெரியும். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒன்றுமே இருக்காது.

ஊருக்குள் ஒரு கட்டுப்பாடு தானாகவே வந்தது. இன்னார் உன்னுடைய ஆள் என்று யாரும் யாரிடமும் சொல்லக்கூடாது. டீச்சருடைய கும்பிட்டைப் பார்த்தவர்கள் யாருக்கும் அதை இன்னொரு தடவை பார்க்கத் தெம்பில்லை. யாரும் தேடி வராத வெளியாட்களை மனசுள்ளவர்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றும் ஆனது. அந்த மாமியாரையே, மாமியார் இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டு ஏச்சுக் கேட்காமல் வளர்ந்துவிட்டோமே என்று ஏங்கின ஒருத்தி ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனாள். ஒருவரைக் கூட்டிப்போக வேண்டுமென்றால் பரமசிவத்தின் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும், பெயர், தெரு, உறவு. பாதிப்பேர் உறவு என்கிற இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார்கள்.

என் மாமியார் வெள்ளைச் சேலை கட்டி வந்தது இதற்காகத்தான். செவ்வாய்க்கிழமைகளில் புதுசாக யார் வருகிறார்கள் என்று பார்ப்பாள், எவளாவது ஒருத்தி என் மாமனாரைத் தலைக்குள் வைத்திருந்து வெளியே விட்டுவிடுவாளோ என்று அவளுக்கு வெகுநாள் சந்தேகம். அவர் வரவே இல்லை, அதில் அவளுக்குச் சந்தோஷமா ஏமாற்றமா என்று நான் கேட்கவில்லை.

ஐப்பசியில் அக்காவுக்கு முதல் ஸ்கேனுக்கு முறை வந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. நான்தான் ஆட்டோவில் அழைத்து வந்தேன், உடம்பில் எலும்பைத் தவிர ஒன்றும் இல்லை, தூக்கிக்கூட வந்திருக்கலாம். முறை வரும் வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்து வெளியாட்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மத்தியானம் நான் டிபன் டப்பாவோடு அவளைப் பின்பக்கம் கூட்டிப்போய் உட்காரவைத்து, தயிர்ச்சோற்றை ஒரு வாய் ஊட்டப்போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செல்வி, கோடு போடுறது நீதான?"

"நானும் அந்தச் செல்சியாவும்."

"கனியை வெளியில விட்டுருட்டி."

நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த வார்த்தைதான். எத்தனையோ பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள், மறக்க வேண்டும், தூங்க வேண்டும், இந்தப் பாரம் போக வேண்டும் என்று. ஆனாலும் பெத்தவள் வாயிலிருந்து கேட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏக்கா, பெத்த பிள்ளையவா மறக்கணும்னு சொல்லுத? அவளுக்குன்னு இந்த ஒலகத்துல மிச்சம் இருக்கறதே உன் தலையில இருக்கற எடம் ஒண்ணுதான்."

"நான் மறக்கணும்னா சொன்னேன்?" அவள் என்னை ஒரு முட்டாளைப் பார்க்கிறமாதிரி பார்த்தாள். "வெளியில விட்டா வந்து உக்காருவால்லா? சூச சாரு உக்காந்துருக்காருல்லா, அந்த மாதிரி? ஒருதரம் பாத்துக்கிடுவேன்."

"அக்கா, உனக்குத் தெரியாதுக்கா. நீ பாப்ப, ஆனா யாருன்னு தெரியாது. டீச்சரு கும்பிட்டுட்டுப் போனாகல்லா."

"எனக்குத் தெரியாட்டிப் போகுது," என்றாள் அக்கா. "அவளுக்கு என்னையத் தெரியும்லா."

நான் தயிர்ச்சோற்றை மூடிவைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இனி நான் செய்தது திருட்டுத்தனம், ஒத்துக்கொள்கிறேன். ஸ்கேனுக்குப் படுக்கிறவர்களுக்கு வலது நெற்றிப் பொட்டில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவார்கள். திரையில் வலது இடதாகவும் இடது வலதாகவும் தெரியும், சில மெஷின் அதையும் திருப்பிவிடும், மாத்திரை ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தால் இதுதான் வலது பக்கம் என்று குழப்பம் இல்லாமல் போகும். அன்றைக்கு ஒட்டுகிற வேலையை நான் வாங்கிக்கொண்டு, அக்காவுக்கு மட்டும் ஒன்றுக்குக் கீழே இன்னொன்றாக ரெண்டு ஒட்டினேன். மறுநாள் வந்த பதினாலு மூளையில் ரெண்டு வெள்ளைப் பொட்டு வைத்துக்கொண்டு எண்பத்தாறாம் நம்பர் வந்தது. இந்த வேலைக்கு வந்து எத்தனை கடல்குதிரைகளைப் பார்த்துவிட்டேன், இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் சுருங்கி, வால் மட்டும் திரண்டு உருண்டு கிடந்தது. கலங்கலே இல்லை. ஓரம் அவ்வளவு தெளிவு, ஒரு சின்னப்பிள்ளையிடம் கொடுத்தால்கூடச் சரியாகக் கோடு போட்டுவிடும். சந்தேகத்துக்கு இடமே இல்லாத அந்த வாலை, இந்தப் பக்கம் ஆறு துண்டு, அந்தப் பக்கம் ஆறு துண்டு, நான் வெளியே விட்டேன்.

நான் விட்டால் போதுமா? செல்சியா சேர்த்துவிட்டால் சராசரியில் பாதிதான் வெளியே வரும். அப்படி ஒருத்தி ஆவணியில் வந்தாள், வாய் அசையும், சத்தம் வராது, வெயில் நேரத்தில் அவள் முகத்துக்குள்ளே பின்னால் இருக்கிற பெஞ்சு தெரியும். கனி அப்படி வருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எதிர்பார்த்தபடியே வித்தியாசம் நூற்றுக்கு இருபத்தெட்டு என்று காட்டியது, சட்டப்படி செல்சியா நாற்காலியை இழுத்துக்கொண்டு என் திரைக்கு வந்தாள்.

"செல்விக்கா, இது என்ன இப்படி விட்டிருக்கீங்க? இதுல சந்தேகப்பட என்ன இருக்கு?" என்றவள் ரெண்டு பொட்டையும் பார்த்துவிட்டாள். "யாரு?"

"எங்கக்கா."

"இது பொய் அளவுக்கா."

"ஆமா."

"ஆறு மாசத்துக்கு ஒருக்க வரும். ஒவ்வொரு தடவையும் பொய் சொல்லணும். நான் இல்லாத அன்னைக்கு வேற யாராவது கோடு போட்டா? பிள்ளை அப்படியே உள்ள போயிரும், உங்கக்காவுக்கு மறுபடி மொதல்லருந்து சாவு விழும். யோசிச்சீங்களா?"

"யோசிக்காமலா இருப்பேன்? அவ சோறு திங்கலட்டி. கெஞ்சிக் கேக்கேன்."

செல்சியாவுக்குப் பொய் சொல்ல வராது. தூத்துக்குடியில் அவள் அப்பா படகோடு போனவர் திரும்பவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை, இன்னும் அவள் அம்மா அவரைச் செத்தவர் கணக்கில் சேர்க்காமல் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பில் ஒரு துண்டை எடுத்து வைக்கிறாள் என்று எனக்குத் தெரியும், அதையெல்லாம் இந்த நேரத்தில் இழுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அவளாகவே மவுஸை வாங்கினாள். தான் போட்ட கோட்டை ஒவ்வொரு துண்டாக அழித்துக்கொண்டே வந்தாள். பன்னிரண்டையும் அழித்து முடித்துவிட்டு எழுந்துபோய்க் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். சென்னையிலிருந்து சாயங்காலமே பதில் வந்துவிட்டது, ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று.

மறுநாள் காலை நான் உள்ளே நுழையும்போதே பரமசிவம் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கனி ரெண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்துப் பாவாடை சட்டை, ரெட்டைச் சடை. கிட்டே போனால் ஏழு வயசு முகமாக இருந்தது, கொஞ்சம் விலகிப் பார்த்தால் ஒன்பது, தலையைச் சாய்த்தபோது பால்பல் விழுந்த ஓட்டை தெரிந்தது, அக்கா எந்தெந்த வயசை நினைத்துக்கொண்டு கிடந்தாளோ அத்தனையும் ஒரே முகத்தில் வந்துவந்து போனது. இடது புறங்கையில் மட்டும் ஊசி குத்திய நீலம் மாறவே இல்லை. "சித்தி" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன், மேலெல்லாம் சில்லென்று இருந்தது, தலையில் அக்கா தேய்க்கிற செம்பருத்தி எண்ணெய் வாசனை அடித்தது.

பத்து மணிக்கு அக்கா வந்தாள். ஆட்டோ இல்லை, ஆள் துணை இல்லை, தானாக நடந்து வந்தாள். "ஏட்டி செல்வி, காலையில என்னமா பசிச்சுது! ஏழு இட்லி தின்னேன். ரிப்போர்ட்டு வாங்க வரச்சொன்னாகளாமே?" என்றாள். நாலு வருஷத்துக்குப் பிறகு என் அக்காவின் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன், அந்தச் சந்தோஷத்தைச் சந்தோஷம் என்று சொல்லக்கூட எனக்குப் பயமாக இருந்தது. வரவேற்பு அறையில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள், பாதிப்பேருக்கு அக்காவைத் தெரியும், கனியைத் தெரியும். ஒரு இருமல் சத்தம் இல்லை. ஊர்க்கட்டுப்பாட்டை அத்தனை பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றினார்கள்.

அக்கா நேராகப் போய்க் கனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைப்பையை மடிக்கு நகர்த்தினாள். கனி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள், அழவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யாரு வீட்டுப் பிள்ளைட்டி நீ?" என்றாள் அக்கா. "சடையப் பாரு, கோணல் மாணலா. எவ பின்னிவிட்டா?"

கனி திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டினாள். அக்கா சடையைப் பிரித்து, விரலாலேயே சிக்கெடுத்து, வகிடு எடுத்து, மறுபடி பின்னினாள். ரெண்டு சடையும் முடியக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். கனி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"செல்வி," என்று அக்கா என்னைக் கூப்பிட்டாள், "இந்தப் பிள்ளைய யாரும் தேடி வரலன்னா நான் கூட்டிட்டுப் போட்டா? வீட்டுல நான் ஒத்தையாத்தான கெடக்கேன். எனக்குந்தான் ஒண்ணும் வாய்க்கலையே."

பரமசிவம் நோட்டை நீட்டினான். அக்கா பெயரை எழுதினாள், தெருவை எழுதினாள், உறவு என்கிற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டுக் கோடு இழுத்தாள். ரிப்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போட அவள் கவுன்டருக்குப் போன நேரத்தில் கனி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"சித்தி, நடுவீட்டுல என் போட்டோ இருக்கு. மாலை போட்டு, பல்பு மாட்டி. அம்மா காலைல எந்திச்சு அந்தப் பக்கம் திரும்பாம வந்திருப்பா. இப்பப் போனா பாத்துருவா."

எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. கோடு தெரிந்தது, துண்டு தெரிந்தது, நூற்றுக்கு எத்தனை என்று தெரிந்தது, வீட்டுக்குள் ஆணியடித்து மாட்டியிருந்த படம் எனக்குத் தெரியாமல் போனது.

"நான் மெதுவா நடக்கேன். கால் வலிக்குன்னு சொல்லுதேன். நீங்க ஓடுங்க சித்தி," என்றாள் கனி.

செருப்பைக்கூட மாட்டவில்லை. மழைச் சகதியில் குறுக்குச் சந்து வழியாக ஓடினேன், எதிரே வந்தவர்கள் என்னவென்று கேட்காமல் ஒதுங்கி வழி விட்டார்கள். சாவி வைக்கிற இடம் எனக்குத் தெரியும். கதவைத் திறந்து, நாற்காலியைப் போட்டு ஏறி, பல்பு வயரைப் பிடுங்கி, படத்தைக் கழற்றினேன். படம் இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது, அதன் மேல் காலண்டரைத் தூக்கி மாட்டினேன். பள்ளிக்கூடப் பை, சின்னச் செருப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன், கதவில் பென்சிலால் உயரம் குறித்த கோடுகளைத் துடைத்தேன். படத்தை வைக்க இடமில்லாமல் வயிற்றோடு அணைத்துச் சேலைக்குள் செருகிக்கொண்டபோது வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது.

"ஏட்டி செல்வி, எனக்கு முந்தியே வந்துட்டியா?" என்ற அக்கா, நான் பதில் சொல்வதற்குள் திரும்பி, "வா, உள்ள வா, கூச்சப்படாத. இதான் வீடு" என்றாள்.

கனி வாசல்படியில் நின்றாள். முதல்தடவை பார்க்கிறவள் மாதிரி கூரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள், என் வயிற்றுப் பக்கம் துருத்திக்கொண்டிருந்த சேலையைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டாள். "தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டாள். அக்கா சந்தோஷமாகக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பானையைக் காட்டினாள், டம்ளர் இங்கே, தட்டு அங்கே, கொல்லைக் கதவுக்கு இப்படித் தாழ்ப்பாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். கனி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

"உங்கள நான் எப்படிக் கூப்பிடணும்?" என்று கேட்டாள்.

அக்கா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"பெரியம்மான்னு கூப்பிடு."

"சரி, பெரியம்மா," என்றாள் கனி.